மாலேரிப் பாறைகள்: அருட்பணி வரலாற்றில் மறந்துபோன ஓர் ஏடு

1. முன்னுரை

இந்தியத் திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் பள்ளிகள், மருத்துவமனைகள், அச்சுக்கூடங்கள், திருமறை மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றை முறையாக வரிசைப்படுத்துவது வழக்கம். அகராதி தொகுத்த அருட்பணியாளரையும் இலக்கணம் இயற்றிய அருட்பணியாளரையும் நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆயின், நற்செய்தி அறிவிக்கச் சென்ற ஊர்களிலேயே பாறைகளையும் கூர்ந்து படித்த ஓர் அருட்பணியாளரைப் பற்றி நம் இறையியல் கல்லூரிகளில் அரிதாகவே பேசப்படுகிறது. அவர் பெயர் ஸ்டீபன் ஹிஸ்லாப். அவர் கண்டெடுத்த எலும்புகளும் பற்களும் நம் நாட்டின் மிகப் பழைய டைனோசர்கள் உறங்கும் பாறைப் படிவத்தை அறிவுலகிற்கு அறிமுகப்படுத்தின. அப்படிவமே மாலேரிப் படிவம்.

இக்கட்டுரைக்கு இரு நோக்கங்கள் உண்டு. முதலாவது, மாலேரிப் பாறைகள் எவ்வாறு கண்டறியப்பட்டன, எவரால் படிக்கப்பட்டன என்னும் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல். இரண்டாவது, அவ்வரலாறு திருப்பணியாளராகிய நமக்கு எழுப்பும் வினாவை எதிர்கொள்ளுதல். வாலிபர் கூடுகைகளில், "ஐயரே, டைனோசர் வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்னும் கேள்வி எழாத ஆண்டு இல்லை. கேட்பவர் பலரும் கேலிக்காகக் கேட்பதில்லை. பள்ளியில் கற்றதும் ஆலயத்தில் கேட்டதும் தம் உள்ளத்தில் மோதிக்கொள்வதனாலேயே கேட்கின்றனர். அவர்களுக்கு நாம் தரும் விடை அவர்களது விசுவாசத்தைக் கட்டவும் கூடும், குலைக்கவும் கூடும். ஆகவே இது பொழுதுபோக்கான பொருளன்று.

2. பாறையும் அதன் காலமும்

வார்தா ஆறும் வைன்கங்கை ஆறும் கூடிப் பிராணஹிதா என்னும் பெயருடன் தெற்கே பாய்ந்து, சிரோஞ்சாவுக்கு அருகே கோதாவரியில் கலக்கின்றன. இவ்விரு ஆறுகளின் பள்ளத்தாக்கில், இன்றைய தெலங்கானாவின் வடபகுதியிலும் அதை ஒட்டிய மகாராஷ்டிரத்திலும், பற்பல கோடி ஆண்டுகளாக மணலும் வண்டலும் படிந்து உருவான பாறை அடுக்குகள் காணப்படுகின்றன. கீழ் அடுக்குகளில் நிலக்கரி உண்டு. சிங்கரேணிச் சுரங்கங்கள் வெட்டி எடுப்பது இதனையே. 1903ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தின் முதல் ஊழியர்கள் சென்று பணியாற்றிய தோர்ணக்கல், இந்நிலக்கரி வயலுக்குக் கிளைப்பாதை பிரியும் இரயில் சந்திப்பாகும். ஆகவே இப்பாறைகளின் அயலிலே தமிழ்த் திருச்சபையின் காலடியும் பதிந்துள்ளது.

நிலக்கரி அடுக்குகளுக்கு மேலே, முற்காலத்து ஆதிலாபாது மாவட்டத்தில் மாலேரி என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கிய அடுக்கு அமைந்துள்ளது. இது பெரும்பாலும் சிவந்த களிமண் பாறை. இடையிடையே வெளிறிய மணற்கல்லும், சிறு சுண்ணாம்புக் குறுமணிகள் இறுகிய கல்லும் காணப்படும். இதன் காலம் டிரையாசிக் ஊழியின் பிற்பகுதி, அதாவது ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. டைனோசர்கள் உலகில் தலைகாட்டத் தொடங்கிய காலம் அது. அக்காலத்தில் அவை நிலத்தை ஆளவில்லை. வேறு பல ஊர்வனவற்றின் நடுவே சிறுபான்மையாக ஒதுங்கி வாழ்ந்தன. மாலேரிக்கு மேலே தர்மாரம் படிவமும், அதற்கு மேலே கோட்டா படிவமும் உள்ளன. கோட்டா ஜுராசிக் ஊழியைச் சேர்ந்தது. அங்கே டைனோசர்கள் மிகப் பெரிய உருவம் எய்திவிட்டதைக் காண்கிறோம். கீழிருந்து மேலே ஏறிச் செல்பவர் ஒரு குலத்தின் எளிய தொடக்கத்தையும் அதன் பெருக்கத்தையும் வரிசையாகக் காணலாம். உலகில் இத்தகைய தொடர்ச்சி கிடைக்கும் இடங்கள் மிகச் சிலவே.

3. நாக்பூருக்கு வந்த ஸ்காட்லாந்தியர்

ஹிஸ்லாப் 1817ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தென்பகுதியிலுள்ள டன்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். 1843ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாகப் பிளவுண்டபோது, அரசின் தலையீட்டை ஏற்க மறுத்து வெளியேறியோர் சுயாதீனத் திருச்சபையை நிறுவினர். அச்சபையின் அருட்பணியாளராக ஹிஸ்லாப் 1845இல் நாக்பூர் வந்து சேர்ந்தார். அப்போது நாக்பூர் போன்ஸ்லே அரசர்களின் ஆட்சியில் இருந்தது. மறு ஆண்டு அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இராபர்ட் ஹண்டர் என்னும் உடன் ஊழியர் அவருடன் இணைந்தார். உடல்நலக் குறைவால் 1855இல் தாயகம் திரும்பிய ஹண்டர், பிற்காலத்தில் பல தொகுதிகள் கொண்ட ஒரு பெரும் ஆங்கில அகராதியைத் தொகுத்துப் புகழ்பெற்றார்.

1851ஆம் ஆண்டு நாக்பூரை அடுத்த டாக்ளியில் இவ்விருவரும் புதைபடிவங்களைக் கண்டனர். அன்று தொடங்கிய ஆர்வம் தணியவில்லை. நற்செய்திப் பயணமாக ஊர் ஊராகச் சென்றபோது, வழியில் கண்ட பாறைகளையும் ஆராய்ந்தனர். நாக்பூருக்குத் தெற்கே மாங்க்ளி என்னும் இடத்தில் கிடைத்த, நீரிலும் நிலத்திலும் வாழும் இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் மண்டையோட்டை இலண்டனில் ரிச்சர்டு ஓவன் ஆராய்ந்து, 1855இல் பிராக்கியாப்ஸ் எனப் பெயரிட்டார். அதே காலத்தில் நாக்பூர்ச் சுற்றுப்புறத்தின் நிலவியலைப் பற்றி ஹிஸ்லாப்பும் ஹண்டரும் எழுதிய கட்டுரை இலண்டன் நிலவியல் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று.

இவற்றுள் மாலேரியிலிருந்து வந்த பொருள்களே நம் கவனத்திற்குரியவை. முதலில் புகழ்பெற்றவை சில பற்கள். கடினமான தட்டுப் போன்று, விளிம்பில் கொம்புபோல் நீண்ட முகடுகளையுடைய அப்பற்கள் செரடோடஸ் என்னும் மீனுக்குரியவை என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைவராயிருந்த தாமஸ் ஓல்டாம் 1859இல் எழுதினார். செரடோடஸ் என்னும் பெயரை 1838இல் அகாசி இட்டபோது பற்களைத் தவிர வேறொன்றும் அறியப்படவில்லை. அவ்வினம் முற்றிலும் அழிந்துபோனதென்றே அனைவரும் எண்ணினர். ஆனால் 1870இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆறுகளில் அதே வகைப் பல்லமைப்புடைய ஒரு மீன் உயிரோடு வாழ்வது விளக்கப்பட்டது. செவுளோடு நுரையீரலும் உடைய மீன் அது. ஆற்று நீர் குன்றிக் கெட்டுப்போகும் காலத்தில் மேலெழுந்து காற்றைச் சுவாசிக்கும். மாலேரியின் செம்பாறையில் அதன் உறவினர் கிடைப்பது, நீர் பெருகுவதும் வற்றுவதும் மாறி மாறி நிகழ்ந்த பண்டைய ஆற்றுவெளி ஒன்றை நம் கண்முன் நிறுத்துகிறது.

ஹிஸ்லாப்பின் முடிவு துயரமானது. 1863ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், டாக்கல்காட்டிலிருந்த பண்டைய கல்வட்டங்களைக் காணச் சென்றவர், மழையால் பெருகியிருந்த ஓர் ஓடையைக் கடக்கையில் மூழ்கி இறந்தார். நாற்பத்தாறு வயது நிறைவதற்கு நான்கு நாள்களே இருந்தன. மத்திய இந்தியாவில் ஊர்வனவற்றின் பற்களும் எலும்புகளும் மேலும் கிடைத்தமை குறித்து அவர் எழுதிய கடிதங்களின் பகுதிகள் மறு ஆண்டில்தான் இலண்டனில் அச்சேறின. நாக்பூரில் 1883இல் நிறுவப்பட்ட கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

4. எல்ஜினும் மாலேரியும்

ஹிஸ்லாப் மாலேரி எலும்புகளைத் திரட்டிய அதே ஆண்டுகளில், அவரது தாய்நாட்டின் வடகிழக்குக் கரையில் இன்னொரு திருப்பணியாளர் பாறைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் எல்ஜின் நகருக்கு அருகிலுள்ள பர்னி என்னும் சிற்றூரின் ஆயர் ஜார்ஜ் கார்டன். 1832 முதல் 1889 வரை ஐம்பத்தேழு ஆண்டுகள் அதே சபையை மேய்த்தவர். 1843ஆம் ஆண்டுப் பிளவின்போது அவர் அரசு சார்ந்த பழைய திருச்சபையிலேயே தங்கிவிட்டார். ஆகவே திருச்சபை அரசியலில் அவரும் ஹிஸ்லாப்பும் எதிரெதிர் அணிகளைச் சேர்ந்தவர்கள்.

எல்ஜினுக்கு அருகே லாசிமவுத்தில் வெட்டப்பட்ட மணற்கல் ஒரு பெரும் வழக்கின் நடுப்பொருளாயிற்று. அதில் கிடைத்த செதில் போன்ற அடையாளங்களை 1844இல் அகாசி மீனுடையவை என்று கொண்டார். அப்பகுதியில் பழைய செம்மணற்கல் என வழங்கும் மீன் நிறைந்த மிகத் தொன்மையான பாறை உண்டாதலால், லாசிமவுத்துக் கல்லும் அதன் பகுதியே என்று பெரும் நிலவியலாளரான முர்ச்சிசன் உள்ளிட்ட பலர் கருதினர். ஆனால் கார்டன் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, அச்செதில்கள் மீனுக்குரியவை அல்ல, கவசம் பூண்ட ஊர்வனவற்றுக்குரியவை என்று காட்டினார். கிளியின் அலகு போன்ற வாயும் வரிசை வரிசையான பற்களும் கொண்ட மற்றொரு ஊர்வனவுக்கு 1859இல் ஹைப்பரொடபெடான் எனப் பெயரிட்டு, அந்த ஆயரின் பெயரையும் அதனுடன் சேர்த்து வழங்கினார்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. மீன்களின் ஊழியைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட பாறையில் வளர்ச்சியடைந்த ஊர்வன எவ்வாறு வந்தன? பாறையின் காலம் தவறா, விலங்கின் காலம் தவறா? இதற்கு விடை தந்த சான்றுகளுள் ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது. மத்திய இந்தியாவிலிருந்து கிடைத்த தாடைத் துண்டுகளில் அதே ஹைப்பரொடபெடான் இருப்பதை ஹக்ஸ்லி 1869இல் எடுத்துரைத்தார். இங்கிலாந்தின் டிரையாசிக் பாறைகளிலும் அவ்விலங்கு கிடைத்திருந்தது. ஆகவே லாசிமவுத்துக் கல் டிரையாசிக் ஊழியைச் சேர்ந்தது என்னும் முடிவு வலுப்பெற்றது. முர்ச்சிசனும் இறுதியில் தம் முந்தைய கருத்தைக் கைவிட்டார். ஒரே சான்று ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள இரு பாறைகளுக்கும் காலம் குறித்தது.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஒருவர் கோதாவரிப் பள்ளத்தாக்கின் பாறைகளில் தேடியபோது, தம் தாய்நாட்டு மண்ணில் புதைந்திருந்த விலங்கின் இனத்தையே கண்டுபிடிக்கத் துணையானார். அதை அறியுமுன்னரே அவர் மறைந்துவிட்டார். அக்காலத்து அறிஞர் எவரும் இது எவ்வாறு நேர்ந்தது என்று முழுமையாக விளக்க இயலவில்லை. டிரையாசிக் காலத்தில் நிலப்பரப்புகள் யாவும் பாஞ்சியா என்னும் ஒரே பெருங்கண்டமாக இணைந்திருந்தன என்பதை இருபதாம் நூற்றாண்டின் நிலவியல் நிலைநாட்டியது. இடையில் கடல் இல்லாததால் நடந்தே பரவக்கூடிய விலங்குகள் இரு திசைகளிலும் வாழ்ந்தன.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் கருதத்தக்கது. அறியொணாமைக் கொள்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஹக்ஸ்லி ஆக்கியதும் அதே 1869ஆம் ஆண்டில்தான். திருச்சபையின் போதனைகளை வெளிப்படையாக மறுத்த அவருக்குப் புதைபடிவங்களைப் பெட்டியில் கட்டி அனுப்பியவர் ஒரு கிராமத்து ஆயர். கார்டன் டார்வினோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கருத்து வேறுபாட்டை அவர் அறியாதவரல்லர். உண்மையை ஆராய்பவருக்கு உண்மையான பொருளைக் கொடுத்தால் நம் விசுவாசம் அழிந்துவிடும் என்னும் அச்சம் அவர் செயலில் காணப்படவில்லை.

5. பெயர்களுக்குள் மறைந்த மக்கள்

இந்நிலப்பகுதி கோண்டு மக்களின் தாயகம். ஹிஸ்லாப் அவர்களது மொழியையும் வழக்கங்களையும் ஆராய்ந்து, லிங்கோ என்னும் அவர்களது பண்பாட்டு நாயகனைப் பற்றிய நீண்ட பாடலைப் பதிவு செய்தார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளை மத்திய மாகாணங்களின் ஆட்சியாளராயிருந்த ரிச்சர்டு டெம்பிள் 1866இல் பதிப்பித்தார். சில ஆண்டுகளுக்குப் பின் 1872இல் மெட்லிகாட் என்னும் நிலவியலாளர், இந்தியாவின் இப்பாறைத் தொடருக்குக் 'கோண்டுவானா' என்னும் பெயரை முன்மொழிந்தார். கோண்டு மக்களின் நாடு என்பது அதன் பொருள். 1885இல் ஆஸ்திரிய அறிஞர் எடுவர்டு சூயஸ் அப்பெயரை எடுத்து, தென்கண்டங்கள் இணைந்திருந்த பண்டைய பெருநிலத்திற்குச் சூட்டினார். இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் உச்சரிக்கும் அச்சொல், இந்தியாவின் ஒரு பழங்குடியினரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அம்மக்களின் பெயர் உலகப் படத்தில் ஏறியது. அவர்களோ தம் காடுகளிலும் நிலத்திலும் உரிமை இழந்து பன்னெடுங்காலம் போராட நேர்ந்தது.

ஓல்டாம் 1859இல் மாலேரிப் பற்களை மூன்று இனங்களாகப் பிரித்தார். ஒன்றுக்கு ஹிஸ்லாப் பெயரையும் மற்றொன்றுக்கு ஹண்டர் பெயரையும் இட்டார். மூன்றாவதின் பெயர் 'விராபா'. முதலிரண்டும் ஸ்காட்லாந்தியப் பெயர்கள். மூன்றாவதைக் கேட்கும் நம் செவியில் வீரப்பா என்னும் தென்னாட்டுப் பெயரே ஒலிக்கிறது. பாறையைக் காட்டிக்கொடுத்தவர், மண்ணை வெட்டியவர், கூடையில் சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் அறிவியல் ஏடுகளில் அரிதாகவே இடம்பெறும். அருட்பணி அறிக்கைகளிலும் அவ்வாறே. திருச்சபை வரலாறு எழுதும் மாணவர் இதனை நினைவில் கொள்வார்களாக. ஐரோப்பிய ஊழியரின் நாட்குறிப்பில் 'உதவியாளர்' என ஒரே சொல்லில் அடங்கியவர்களே பல சபைகளின் உண்மையான கட்டடக்காரர்கள்.

6. கல்கத்தாவிலிருந்து வந்தோர்

ஹிஸ்லாப்புக்குப் பின் வில்லியம் கிங் இப்பள்ளத்தாக்கின் நிலவியலை விரிவாக ஆராய்ந்து 1881இல் நூலாக்கினார். 1885இல் லிடெக்கர் மாலேரியின் ஊர்வனவற்றை விளக்கினார். முதலையைப் போன்று நீண்ட மூக்குடைய ஒரு விலங்குக்கு அவர் பாராசூக்கஸ் எனப் பெயரிட்டு, அதில் ஹிஸ்லாப் பெயரையும் நிலைக்கச் செய்தார். அவர் கையிலிருந்தவை உதிரித் துண்டுகளே. அவற்றுள் ஹைப்பரொடபெடானின் எலும்பும் கலந்திருந்ததைப் பின்வந்தோர் கண்டு பிரித்தனர். சிதைந்த ஏடுகளிலிருந்து திருமறை மூலபாடத்தை மீட்கும் பணியை அறிந்த நம் மாணவர்களுக்கு இதன் கடினம் புரியும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதியதோர் அத்தியாயம் தொடங்கியது. பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம், இலண்டனிலிருந்து பமேலா ராபின்சன் என்னும் அம்மையாரை 1957இல் கல்கத்தாவுக்கு அழைத்தது. அவரிடம் பயின்ற இந்திய இளைஞர்கள் பிராணஹிதா – கோதாவரிப் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் கூடாரமிட்டுத் தேடினர். கோட்டா படிவத்தில் 1958இல் பெரிய எலும்புகள் தென்பட்டன. 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் பெரும்பகுதி தோண்டி எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகளுக்குரியவை. ஒரு தொடை எலும்பு மட்டுமே ஏறக்குறைய 1.7 மீட்டர் நீளம். 1975இல் ஜெயின், குட்டி, ராய் சௌத்ரி, சட்டர்ஜி ஆகிய நால்வரும் அதற்குப் பாராபாசாரஸ் தாகோரி எனப் பெயரிட்டனர். வங்கமொழியில் 'பரா பா' என்றால் பெரிய கால். அகழ்வு நடந்த 1961 தாகூரின் பிறப்பு நூற்றாண்டாதலால் அவர் பெயரும் சேர்ந்தது. நீண்ட கழுத்தும் பேருடலும் கொண்ட டைனோசர் குலத்தின் மிகப் பழைய உறுப்பினர்களுள் அது ஒன்று. அதே கோட்டா பாறைகளில் மிகச் சிறிய பாலூட்டிகளின் பற்களும் கிடைத்துள்ளன. மலைபோன்ற விலங்கும் மூஞ்சூறு போன்ற விலங்கும் ஒரே ஆற்றோரத்தில் வாழ்ந்தன.

மாலேரியிலும் புதிய அறிவு பெருகியது. லிடெக்கர் துண்டுகளாகக் கண்ட பாராசூக்கஸின் ஏறத்தாழ முழுமையான இரு எலும்புக்கூடுகள் அருகருகே கிடைத்தன. சங்கர் சட்டர்ஜி 1978இல் அவற்றை விளக்கினார். அவற்றின் வயிற்றுப் பகுதியில் வேறொரு ஊர்வனவின் எலும்புகள் இருந்தன. 1980இல் அவ்விலங்குக்கு மாலேரியின் பெயரும் ராபின்சன் அம்மையாரின் பெயரும் சூட்டப்பட்டன. 1987இல் சட்டர்ஜி மாலேரியிலிருந்து ஒரு சிறிய டைனோசரை அறிவித்தார். அதற்கு இன்று வழங்கும் பெயர் ஆல்வாக்கெரியா. எல்ஜின் ஊர்வனவற்றை மறு ஆய்வு செய்த ஆலிக் வாக்கரின் பெயரே அதில் அமைந்துள்ளது. இவ்வாறு எல்ஜினும் மாலேரியும் மீண்டும் ஒருமுறை கைகோத்தன. 2011இல் மேல் மாலேரி அடுக்கிலிருந்து நம்பாலியா, ஜக்லபள்ளிசாரஸ் என்னும் தாவரம் தின்னும் இனங்களும், 2025இல் மாலேரிராப்டர் குட்டியி என்னும் ஊன் தின்னும் இனமும் அறிவிக்கப்பட்டன. பின்னதன் பெயர், பல்லாண்டு இப்பள்ளத்தாக்கில் உழைத்த குட்டி அவர்களைப் போற்றுவது.

7. இறையியல் நோக்கு

மேற்கூறிய வரலாற்றிலிருந்து நாம் பெறும் முதற் பாடம், விசுவாசத்திற்கும் நிலவியலுக்கும் தொடக்கமுதலே பகை இருந்தது என்னும் கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது என்பதாகும். சுயாதீனத் திருச்சபையின் தலைவர் தாமஸ் சால்மர்ஸ், 1804ஆம் ஆண்டிலேயே, மோசேயின் எழுத்துகள் பூமியின் வயதை வரையறுக்கவில்லை என்று மாணவர்க்குப் போதித்தார். அதே சபையின் செய்தித்தாளை நடத்திய ஹியூ மில்லர், கல்தச்சராயிருந்து பழைய செம்மணற்கல்லின் மீன்களை உலகறியச் செய்தவர். ஆதியாகமத்தின் நாள்களை நீண்ட ஊழிகளாக அவர் கொண்டார். அவர்கள் தந்த விளக்கங்களை நாம் இன்று அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. படைப்பு வரலாற்றின் இலக்கிய வகையையும் இறையியல் நோக்கையும் திருமறை ஆராய்ச்சி இன்று தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறது. ஆனால் அவர்கள் பாறையைக் கண்டு அஞ்சி ஓடவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது.

பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே, புதைபடிவங்கள் யாவும் நோவா காலத்து வெள்ளத்தால் ஒரே ஆண்டில் படிந்தவை என்னும் போதனை, இன்று பல சபைகளில் பழைமையான விசுவாசமாக மதிக்கப்படுகிறது. அதற்கு இன்றைய பரவலான வடிவத்தைக் கொடுத்த நூல் விட்கம், மாரிஸ் ஆகிய இருவர் அமெரிக்காவில் 1961இல் வெளியிட்டது. கோதாவரிக் கரையில் பாராபாசாரஸ் தோண்டப்பட்ட அதே ஆண்டு. ஹிஸ்லாப்பும் கார்டனும் பிரசங்கித்த காலத்திற்கு அது நூறாண்டு பிந்தியது.

இப்போதனையை மாலேரிப் பாறையின் முன் நிறுத்திப் பார்ப்போம். சிவந்த களிமண்ணும் அதில் விளைந்த சுண்ணாம்புக் குறுமணிகளும், மண் வெயிலில் காய்ந்து மீண்டும் நனைந்த நீண்ட பருவங்களைக் காட்டுகின்றன. ஆற்றுச் சிப்பிகள் உண்டு. விலங்குகளின் எச்சங்களும் கல்லாகி மிகுதியாகக் கிடைக்கின்றன. இவை வாழ்ந்து, உண்டு, கழித்து, மடிந்த ஓர் ஊரின் அடையாளங்கள். மேலும், இத்தகைய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. ஒவ்வொன்றிலும் விலங்குகள் வேறுபடுகின்றன. மாலேரியில் உள்ள ஹைப்பரொடபெடான் கோட்டாவில் இல்லை. கோட்டாவின் பாராபாசாரஸ் மாலேரியில் இல்லை. ஒரே வெள்ளம் அனைத்தையும் வாரிக் குவித்திருந்தால் இவை கலந்து கிடைக்க வேண்டும். இதை மறுக்கும்படி ஒரு வாலிபரை நாம் கட்டாயப்படுத்தினால், அவர் ஒருநாள் தம் கண்ணால் கண்ட கல்லையும் நாம் அறிவித்த கிறிஸ்துவையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்ள நேரிடும். அத்தெரிவை அவர்மேல் சுமத்த நமக்கு யார் அதிகாரம் தந்தது? இயற்கையைப் பற்றி அறியாமல் பேசும் கிறிஸ்தவர், அவிசுவாசிகள் முன் திருமறையையே நகைப்புக்குள்ளாக்குவர் என்று அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்தார்.

எனினும், உண்மையான இடர்ப்பாடு வயதைப் பற்றியதன்று, மரணத்தைப் பற்றியது. ஒரு விலங்கின் வயிற்றில் மற்றொரு விலங்கின் எலும்பு. மனிதன் தோன்றுவதற்கு இருபத்திரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே வேட்டையும் வலியும் மரணமும் உலகில் இருந்தன என்பதற்கு இது மறுக்கவியலாத சான்று. அப்படியானால் பாவத்தினால் மரணம் வந்தது என்னும் அப்போஸ்தல போதனை என்னாவது? இவ்வினாவை மழுப்புதல் தகாது. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்தி, மனுக்குலத்தின் பாவத்தையும் மரணத்தையும் பற்றியே பேசுகிறார் என்று விளக்கவுரையாளர் பலர் கொள்வர். விலங்குகளின் இறப்பு அங்குப் பேசுபொருளன்று. 104ஆம் சங்கீதமோ, இரைதேடும் சிங்கக் குட்டிகளையும் கர்த்தரிடமே உணவு கேட்பவையாகக் காட்டுகிறது. ஊன் உண்ணும் விலங்கு அச்சங்கீதக்காரரின் பார்வையில் படைப்பின் கேடு அன்று, படைத்தவரின் பராமரிப்புக்கு உட்பட்ட உயிர். ஆயினும் ரோமர் 8ஆம் அதிகாரம் சர்வ சிருஷ்டியின் தவிப்பைப் பற்றியும் பேசுகிறது. இவ்விரு சாட்சிகளையும் ஒருங்கே பிடித்துக்கொள்வதே இறையியலாளரின் கடமை. ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு எளிதான விடை கூறுவோமாயின், துயருறும் உயிர்களைப் பற்றியும் துயருறும் மனிதரைப் பற்றியும் நாம் சொல்வது பொருளற்றதாகிவிடும்.

மூன்றாவதாக, நீண்ட காலத்தின் முன் மனிதனின் இடம் யாது? யோபு புத்தகத்தின் 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களில் கடவுள் யோபுக்குக் காட்டுவன, மனிதனுக்குப் பயன்படாதவை, அவன் அடக்கவியலாதவை, அவன் காணாத இடத்தில் வாழ்பவை. மனிதர் இல்லாத நிலத்திலும் மழை பொழியச் செய்பவராகக் கடவுள் அங்கே தோன்றுகிறார். மாலேரியின் ஆற்றோரம் அத்தகைய நிலம். அங்கே பெய்த மழையை எந்த விவசாயியும் எதிர்பார்த்திருக்கவில்லை. அங்கு வாழ்ந்த உயிர்களை எந்த மனிதனும் கண்டு வியக்கவில்லை. எனினும் அவை வாழ்ந்தன, படைத்தவர் அறிந்திருந்தார். உலகம் முழுவதும் நம் பயனுக்கே உண்டாக்கப்பட்டது என்று கருதிக் காட்டையும் ஆற்றையும் மலையையும் அழித்துவரும் தலைமுறைக்கு, இப்பாறை ஒரு தீர்க்கதரிசியின் குரலில் பேசுகிறது எனலாம்.

8. முடிவுரை

ஆயர்கள் அனைவரும் நிலவியல் கற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவரவர்க்கு அவரவர் வரம். ஆனால் ஹிஸ்லாப், கார்டன் ஆகியோரிடமிருந்து மூன்று காரியங்களை நாம் கற்கலாம். அவர்கள் தாம் அனுப்பப்பட்ட நிலத்தைக் கூர்ந்து பார்த்தனர். தாம் கண்டதை மறைக்காமல், தம்மோடு ஒத்த கருத்தில்லாதவர்க்கும் கொடுத்தனர். முடிவு என்னாகும் என்று அறியாமலே உழைத்தனர். எல்ஜின் வழக்கில் தம் கண்டுபிடிப்பு சான்றாக நின்றதை ஹிஸ்லாப் கண்டதில்லை. அவரது பாறையில் டைனோசர் உண்டு என்பதையும் அவர் அறிந்ததில்லை. அவர் விதைத்ததை நூறாண்டுக்குப் பின் கல்கத்தாவின் இளைஞர்கள் அறுத்தனர்.

இறையியல் மாணவர்களே, டைனோசரைப் பற்றி உங்களிடம் கேட்கும் வாலிபரை இனி வாய்மூடச் செய்யாதீர்கள். அவருடன் அமர்ந்து, கோதாவரிக் கரையில் நடந்த இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் கூறுங்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவரை நாம் அறிக்கையிடும்போது, மாலேரியின் செங்களிமண்ணும் அப்பூமியின் பகுதியே என்பதை அவர் கண்டுகொள்ளட்டும்.